நோட்டுக்குள் சிப் வைத்தால் பணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுமா?

வாசகர் கேள்வி, ஜனவரி 9

பணத்தாளுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிப் ஒன்றை வைத்துவிட்டால் பதுக்கல், கொள்ளை, லஞ்சம் எல்லாம் ஒரே நாளில் ஒழிந்துவிடும். தொழில்நுட்பம் எப்போதோ வந்துவிட்டது. அரசாங்கங்கள்தான் வேண்டுமென்றே செய்யாமல் இருக்கின்றன. அல்லது செய்துவிட்டு வெளியே சொல்லாமல் இருக்கின்றன. நோட்டின் நடுவில் ஓடும் அந்த வெள்ளிக் கோடு எதற்கு என்று யாராவது யோசித்தீர்களா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு 10.20

வெள்ளிக் கோடு சிப் இல்லை. அது ஒரு பிளாஸ்டிக் இழை. கள்ள நோட்டு அடிப்பவனுக்கு இன்னொரு தலைவலி கொடுக்க வைத்தது, அவ்வளவுதான். அமெரிக்க டாலரில் 1990 வரிசையில்தான் இந்த இழை முதலில் வந்தது. வந்த கையோடு, ‘இனி போலீஸ் வண்டி தெருவில் போகும்போதே எந்த வீட்டில் எவ்வளவு ரொக்கம் என்று அளந்துவிடும்’ என்று ஒரு பேச்சும் வந்தது. அப்படி யாரும் அளக்கவில்லை. இழையில் விடை சொல்ல எதுவும் இல்லை.

நான் பதினோரு வருஷம் நூலகங்களில் புத்தகங்களுக்கு ஆர்.எஃப்.ஐ.டி ஸ்டிக்கர், அதாவது ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் சிப் ஸ்டிக்கர், ஒட்டும் வேலை பார்த்தவன். பணம் அச்சடித்ததில்லை. ஆனால் காகிதத்துக்குள் சிப் வைத்தால் என்ன ஆகும் என்று கொஞ்சம் கை சுட்டுக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 10, காலை 7.05

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். சிப் என்று சொன்னதும் எல்லோர் மனதிலும் வருவது ஜி.பி.எஸ். வானத்தில் சாட்டிலைட், தரையில் நோட்டு, நடுவில் ஒரு புள்ளி மினுக்கிக்கொண்டிருக்கும். அப்படி இல்லை.

ஜி.பி.எஸ் சாட்டிலைட் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு நேரம் சொல்லிக்கொண்டே போகிறது. ரேடியோ மாதிரி. கீழே இருப்பவன் அதைக் கேட்டு, கணக்குப் போட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று தானே தெரிந்துகொள்கிறான். சாட்டிலைட்டுக்கு அவன் இருப்பதே தெரியாது. நீங்கள் ரேடியோ கேட்பது நிலையத்துக்குத் தெரிகிறதா? தெரிந்துகொண்ட இடத்தை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டுமென்றால் தனியாக ஒரு டிரான்ஸ்மிட்டர் வேண்டும், செல்போன் மாதிரி. அதற்கு பேட்டரி வேண்டும். பேட்டரி தீர்ந்தால் சார்ஜ் போட வேண்டும். பர்ஸை இரவு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர் யாராவது உண்டா?

நோட்டுக்குள் வைக்க முடியும் என்று பேசப்படுவது வேறு ஜாதி. அதில் பேட்டரியே கிடையாது. சும்மா கிடக்கும். ரீடர் என்கிற படிக்கும் கருவி பக்கத்தில் வந்து அலையை வீசினால், அந்த அலையிலேயே கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டு கண் விழித்து, தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி செத்துவிடும். கேட்டால்தான் பேசும். அதுவும் பக்கத்தில் வந்து கேட்டால்தான்.

நூலக ஸ்டிக்கர் ஒன்றை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அலுமினியக் கம்பி ஒன்று சதுரச் சதுரமாகச் சுற்றிச் சுற்றி உள்ளே போகும், கோலம் போட்ட மாதிரி. ஒரு மூலையில் கடுகில் பாதிகூட இல்லாத கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் சிப். மற்றதெல்லாம் ஆன்டெனா. நகத்தால் தடவினால் மணல் மாதிரி நெருடும். அந்தக் கம்பியில் ஒரே ஒரு இடத்தில் பிளேடால் கீறினால் போதும், சிப் ஊமை. சிப் எவ்வளவு சின்னது என்று எல்லோரும் வாய் பிளக்கிறார்கள். ஆன்டெனா எவ்வளவு பெரியது என்று யாரும் கேட்பதில்லை.

ஜனவரி 10, மதியம் 1.30

‘சிப் நோட்டை விடத் தடிமனாக இருக்குமே, துருத்திக்கொண்டு நிற்காதா’ என்று ஒருவர். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். நோட்டின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். நான் ஒட்டிய ஸ்டிக்கர்களில் சிப் இருக்கும் இடம் அதைவிடத் தடிமன். ஆனால் அது நூலகச் சரக்கு. அதைவிட மெலிந்தது உண்டு. சாயங்காலம்.

ஜனவரி 12, இரவு 9.15

சாயங்காலம் என்று சொல்லி இரண்டு நாள் ஆகிவிட்டது, சரி.

ஜப்பானின் ஹிட்டாச்சி 2001இல் மியூ சிப் என்று ஒன்றை அறிவித்தது. பக்கத்துக்கு 0.4 மில்லிமீட்டர். அதில் எழுதியிருப்பது ஒரே ஒரு எண், 128 பிட். தசமத்தில் எழுதினால் 39 இலக்கம் வரை போகும். மாற்ற முடியாது, அழிக்க முடியாது. 2005இல் ஐச்சியில் நடந்த உலகக் கண்காட்சியின் நுழைவுச்சீட்டுகளில் இதை வைத்தார்கள். காகிதச் சீட்டு, லட்சக்கணக்கான பேர் கையில் போய் வந்தது, வேலை செய்தது. ஆக ‘காகிதத்தில் வைக்கவே முடியாது’ என்று வாதாடுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். 2007இல் இன்னும் சுருக்கி 0.05 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு தலைமுடிக்குப் பக்கத்தில் தூள் கொட்டிய மாதிரி படம் போட்டிருந்தார்கள். அந்தப் படம்தான் இன்றுவரை ‘பார்த்தாயா, வைத்துவிட்டார்கள்’ என்று சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தூளைத் தனியாக நோட்டில் தூவினால் ஒன்றும் நடக்காது. ஆன்டெனா இல்லை. சிப்பின் மேலேயே ஆன்டெனா வைத்த வகையும் 2003இல் வந்தது. அதைப் படிக்க ரீடரைக் கிட்டத்தட்ட அதன் மேலேயே வைத்துத் தேய்க்க வேண்டும். சில அங்குலமாவது தள்ளி நின்று படிக்க வேண்டுமென்றால் விரல் நீளத்துக்குக் கம்பி வேண்டும். அப்போதும் ஒரு முழம்கூட எட்டாது.

யூரோ கதையும் இதோடு சேர்ந்ததுதான். 2001 டிசம்பரில் மின்னணுத் துறைப் பத்திரிகை ஒன்று, ஐரோப்பிய மத்திய வங்கி 2005க்குள் யூரோ நோட்டுகளில் சிப் வைக்கப்போகிறது என்று எழுதியது. 2003இல் ஹிட்டாச்சியோடு பேச்சு நடக்கிறது என்று இன்னொரு செய்தி. 2005 வந்தது, போனது. 2013 மே மாதம் இரண்டாம் வரிசை யூரோ, 5 யூரோ நோட்டிலிருந்து ஆரம்பித்து வந்தது. ஹாலோகிராம் இருந்தது, நிறம் மாறும் எண் இருந்தது. சிப் இல்லை. ஒரு செய்தி கிளப்பிய புகை அடங்கவே இல்லை. அந்தச் செய்தியை வைத்தே இன்னும் வாதாடுகிறார்கள்.

ஜனவரி 13, காலை 6.40

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். உண்மையான சிக்கல் சிப்பின் அளவில் இல்லை. அடுக்கில் இருக்கிறது.

நூலகத்தில் புத்தகத்தின் பின் அட்டைக்கு உள்ளே ஸ்டிக்கர். அலமாரி ஓரமாக ஒரு கைக் கருவியை ஓட்டிக்கொண்டு போனால் அந்த வரிசையில் உள்ள புத்தகமெல்லாம் திரையில் வந்துவிட வேண்டும். பெரிய நாவல்கள் வரிசையில் அழகாக வந்தது. குழந்தைகள் பகுதிக்கு வந்தோம். பதினாறு பக்கம், இருபது பக்கம் படக்கதைகள், தோசை தோசையாக. கருவியை ஓட்டினேன். நாற்பது புத்தகம் இருக்கும் வரிசையில் பத்தைக்கூடத் தாண்டவில்லை. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றினேன். அதே கதை. பிறகுதான் புரிந்தது. ஸ்டிக்கர்கள் மிக நெருக்கமாக ஒன்றன் மேல் ஒன்று இருந்தால் ஒன்றின் ஆன்டெனா இன்னொன்றின் சுருதியைக் கலைத்துவிடுகிறது. எல்லாம் 13.56 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்தவை. சேர்த்து அடுக்கியதும் அந்தச் சுருதியில் ஒன்றும் நிற்பதில்லை. ரீடர் கத்துகிறது, எல்லாம் செவிடாக உட்கார்ந்திருக்கின்றன.

எனக்கு அப்போது மேற்பார்வை செய்தவர் ஒரு வழி சொன்னார். ஒரு புத்தகத்தில் மேலே ஒட்டு, அடுத்ததில் நடுவில், அடுத்ததில் கீழே. ஒட்டினதையெல்லாம் உரித்து மறுபடி ஒட்டினோம். மூன்று வாரம். உரிக்கும்போது கிழிந்த படக்கதைகளுக்கு நான் வாங்கிய திட்டு தனிக் கணக்கு.

இப்போது நோட்டுக் கட்டை நினைத்துப் பாருங்கள். நூறு தாள், ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீட்டர். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஆன்டெனா, ஏனென்றால் எல்லாம் ஒரே அச்சு. பதுக்கிவைக்கும் பணம் எப்போதும் கட்டாகத்தான் இருக்கும். ஆக, யாரைப் பிடிக்க வேண்டுமென்று இந்தச் சிப்பை வைக்கச் சொல்கிறோமோ அவனிடம்தான் அது வாயே திறக்காது. பர்ஸில் ஒற்றை நோட்டோடு நடந்து போகிறவனிடம் மட்டும் நன்றாகப் பேசும்.

வீட்டில் நான் செய்து பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். இருபது ஸ்டிக்கரை ஒன்றன் மேல் ஒன்று அடுக்கி ரீடரில் வைத்தேன். மூன்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கனமான அட்டை வைத்து இடைவெளி விட்டேன். எல்லாம் வந்துவிட்டன.

ஜனவரி 13, இரவு 8.00

பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இருபது இல்லை, பதினாறு ஸ்டிக்கர். மூன்று வந்தது சரி.

ஜனவரி 15, மாலை 5.50

மைக்ரோவேவ் பற்றிக் கேட்கிறார்கள். 2004 வாக்கில் அமெரிக்காவில் யாரோ 20 டாலர் நோட்டுகளைக் கட்டாக மைக்ரோவேவில் வைத்தார்கள், நோட்டில் இருக்கும் முன்னாள் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் படத்தில் சரியாக வலது கண் எரிந்துபோயிற்று, அங்கேதான் சிப் என்று படத்தோடு இணையத்தில் வந்தது. நான் என்னிடம் இருந்த நூலக ஸ்டிக்கரை வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு விநாடிகூட ஆகவில்லை. நீலமாக ஒரு மின்னல், பட் என்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகிய நாற்றம். ஸ்டிக்கரில் கம்பி ஓடிய தடமெல்லாம் வெடித்திருந்தது. ஆன்டெனா இருந்தால் எரிவது இப்படி, கோலம் முழுக்க. ஒரே புள்ளியில் ஓட்டை விழாது.

நோட்டுக் கட்டில் ஏன் ஒரே இடம் எரிந்தது? ஒரே மாதிரி தாள்கள், ஒரே இடத்தில் கனமான மை, அடுக்கின் நடுவில் சூடு வெளியே போக வழியில்லை. டாலர் மையில் காந்தத்தன்மை உள்ள பொருளும் உண்டு. எல்லாவற்றிலும் ஒரே இடம் கருகத்தான் செய்யும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மைக்ரோவேவ் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை. யாரும் முயற்சி செய்யாதீர்கள். நோட்டு போனால் போகட்டும், அடுப்பு போனால் சும்மா விடமாட்டார்கள்.

ஜனவரி 17, காலை 9.30

2016 இந்திய வதந்தியைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நவம்பரில் 2000 ரூபாய் நோட்டு வந்தபோது நானோ ஜி.பி.எஸ் சிப் இருக்கிறது, பூமிக்கு அடியில் 120 மீட்டரில் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடிக்கும் என்று பரவியது. ரிசர்வ் வங்கி மறுத்தது. 120 மீட்டர் மண்ணுக்குள் என்ன, அடித்தளக் கார் நிறுத்தத்துக்குள் போனாலே உங்கள் போனில் ஜி.பி.எஸ் தடுமாறும். 2023 மே மாதம் அந்த நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது, வைத்திருப்பவர்கள் வங்கிக்குக் கொண்டுவந்து கொடுங்கள் என்றுதான் சொன்னார்கள். சாட்டிலைட்டை யாரும் கூப்பிடவில்லை.

ஜனவரி 18, இரவு 11.10

இடம் காட்டும் பணமே கிடையாது என்கிற மாதிரி மேலே எழுதிவிட்டேன். அது தப்பு. உண்டு, தனி நோட்டில் இல்லை, கட்டில்.

அமெரிக்க வங்கிகளில் கொள்ளைக்காரனிடம் கொடுப்பதற்கென்றே தயாராக ஒரு கட்டு வைத்திருப்பார்கள். வெளியே உண்மையான நோட்டு, உள்ளே குடைந்து வைத்த கருவி. பழைய வகை சாயக் கட்டு. 1960களில் வந்தது. வாசலில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் இருக்கும், கட்டு அதைத் தாண்டினால் சில விநாடி கழித்து வெடித்துச் சிவப்புச் சாயம் பீச்சும். ஆள், பணம், கார் சீட் எல்லாம் சிவப்பு. புதிய வகையில் ஜி.பி.எஸ்ஸும் செல்போன் டிரான்ஸ்மிட்டரும் பேட்டரியும் இருக்கும். அது நிஜமாகவே வரைபடத்தில் நகரும் புள்ளி. வாசகர் கேட்ட பொருள் இதுதான், ஆனால் இது ஒரு கட்டு கனம், ஒரு கவுன்டருக்கு ஒன்று. கோடிக்கணக்கான தாள்களில் ஒவ்வொன்றிலும் இதை வைப்பது நடக்கிற காரியமா?

ஜனவரி 18, இரவு 11.25

இன்னொன்று. மடிப்பு. அமெரிக்க நோட்டு அச்சகம் தன் தாள் முன்னும் பின்னும் சுமார் 4,000 முறை மடித்தால்தான் கிழியும் என்கிறது. முக்கால் பங்கு பருத்தி, கால் பங்கு லினன், அதனால் தாங்கும். அலுமினியக் கம்பி அவ்வளவு தாங்குமா? என் சட்டைப் பையில் மறந்துபோய்த் துவைத்த ஸ்டிக்கர் ஒரே துவைப்பில் போய்ச் சேர்ந்தது. சலவைக்கென்று தனியாகச் செய்யும் டேக்குகள் இருக்கின்றன, தாங்கும். அவை சட்டைப் பொத்தான் கனம்.

ஜனவரி 19

பொத்தான் கனத்துக்கு நோட்டு செய்தால் அதற்குப் பெயர் நாணயம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன்.

ஜனவரி 21, காலை 7.30

மூன்று நாளாக ஒன்று உறுத்துகிறது. ‘முடியாது, முடியாது’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். பொறியாளர்கள் ஒரு விஷயத்தை முடியாது என்று சொன்னால் பத்து வருஷத்தில் யாராவது செய்துவிடுவார்கள். ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தில் 2010 வாக்கிலேயே 5 யூரோ நோட்டின் மேல் சுமார் நூறு டிரான்சிஸ்டர்களை நேரடியாகப் படிய வைத்துக் காட்டிவிட்டார்கள். சிலிக்கான் கிடையாது, கரிமப் பொருள். 3 வோல்ட்டில் ஓடும், தாளோடு சேர்ந்து மடங்கும். சரி, அடுக்குச் சிக்கலும் மடிப்புச் சிக்கலும் தீர்ந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போது என்ன ஆகும்?

இதை 2003இலேயே இரண்டு பேர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஆரி ஜூவல்ஸ், ரவிகாந்த் பாப்பு. யூரோவில் சிப் வந்தால் என்ன செய்வது என்று ஒரு ஆய்வுக் கட்டுரை. அவர்கள் பயம் அரசாங்கத்தைப் பற்றி மட்டும் இல்லை. சிப் யார் கேட்டாலும் எண்ணைச் சொல்லிவிடும் என்றால், பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் நிற்கிற திருடனும் கேட்கலாம். யாரிடம் கை வைத்தால் லாபம் என்று பார்த்து வைப்பான். அதற்கு அவர்கள் சொன்ன வழி: சிப் எண்ணை அப்படியே சொல்லாது, பூட்டிச் சொல்லும். பூட்டைத் திறக்கும் சாவி காவல்துறையிடம். ஒரே பூட்டை வைத்துக்கொண்டே ஆளைத் தொடரலாம் என்பதால் கடைக்காரர்கள் அவ்வப்போது பூட்டை மாற்றிவிட வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் நோட்டின் மேல் அச்சடித்திருப்பதைக் கண்ணால், அதாவது ஸ்கேனரால், முதலில் படிக்க வேண்டும். கையில் நோட்டு இல்லாதவன் மாற்ற முடியாது. பாஸ்போர்ட் சிப் பின்னாளில் இதே மாதிரித்தான் வந்தது. பக்கத்தைத் திறந்து அச்சு வரியைப் படித்த பிறகே சிப் வாய் திறக்கும்.

படிக்கும்போது ‘ஆஹா’ என்றுதான் இருந்தது. பிறகு யோசித்தால், உலகத்தில் இருக்கும் ஒவ்வொரு கல்லாப் பெட்டிக்காரரும் சில்லறை எண்ணுவதை விட்டுவிட்டு நோட்டுக்குப் பூட்டு மாற்றிக்கொண்டிருக்க வேண்டும், சம்பளம் இல்லாமல். அடுத்த வருஷமே ஜில்தா அவாய்ன் என்பவர் அந்தத் திட்டத்தில் ஓட்டைகளை எடுத்துக் காட்டிவிட்டார்.

ஜனவரி 22

ரீடரின் அலையைத் தடுக்க அலுமினிய உறை போட்ட பர்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நோட்டுக்காக வேண்டாம். உங்கள் கார்டில் சிப் இருக்கிறது, அதற்கு வேண்டுமானால் வாங்குங்கள். கண்காணிப்பைப் பற்றிக் கவலைப்பட்டு நோட்டுக்கு உறை தேடுகிறவர் அந்த உறையையே கார்டில் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 26, இரவு 10.00

நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் சிப்பைப் பற்றிப் பேசியதில் ஒன்று கண்ணில் படவில்லை. சிப் சொல்லப்போவது என்ன? ஒரு எண். நோட்டில் அந்த எண் ஏற்கெனவே அச்சடித்துத்தானே இருக்கிறது?

1932. அமெரிக்காவில் விமானி சார்லஸ் லிண்ட்பர்க்கின் குழந்தையைக் கடத்திப் பிணைப்பணம் கேட்டார்கள். 50,000 டாலர். கொடுப்பதற்கு முன் நோட்டு எண்களையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டார்கள். வேண்டுமென்றே அதில் பெரும்பகுதியைத் தங்கச் சான்றிதழ் நோட்டுகளாக, அதாவது கொடுத்தால் தங்கம் தருவோம் என்று அச்சடித்த நோட்டுகளாக, கொடுத்தார்கள். 1933இல் அரசு தங்கச் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டது. அதன் பிறகு அந்த நோட்டை நீட்டுகிறவனை எல்லோரும் ஒரு தடவை ஏறிட்டுப் பார்ப்பார்கள். 1934 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒரு பெட்ரோல் பங்கில் ஒருவன் 10 டாலர் தங்கச் சான்றிதழை நீட்டினான். பங்க் ஊழியருக்கு அது செல்லுமோ என்று சந்தேகம். பென்சிலை எடுத்து நோட்டின் ஓரத்திலேயே கார் நம்பரை எழுதி வைத்துக்கொண்டார். நோட்டு வங்கிக்குப் போனது, அங்கே பட்டியலோடு ஒத்துப்போனது, கார் நம்பரிலிருந்து புரூனோ ஹாப்ட்மான் வீட்டுக்குப் போனார்கள். கராஜில் 13,000 டாலருக்கு மேல் பிணைப்பணம் இருந்தது. குழந்தை என்னவோ 1932லேயே இறந்துவிட்டது.

எண், ஒரு பட்டியல், ஒரு பென்சில். சிப் இல்லை.

இதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம். 1971 நவம்பர் 24. பத்திரிகைகள் தப்பாக டி.பி. கூப்பர் என்று பெயர் போட்ட ஒரு ஆள் போர்ட்லாண்டிலிருந்து சியாட்டிலுக்குப் போன விமானத்தைக் கடத்தி 200,000 டாலர் வாங்கிக்கொண்டு பாராசூட்டில் குதித்துவிட்டான். பத்தாயிரம் 20 டாலர் நோட்டு, ஒவ்வொன்றின் எண்ணையும் மைக்ரோபிலிமில் படம் எடுத்திருந்தார்கள். பட்டியல் வங்கிகளுக்கெல்லாம் போனது. 1980இல் கொலம்பியா ஆற்றங்கரை மணலில் ஒரு சிறுவன் உளுத்துப்போன 5,800 டாலரைத் தோண்டி எடுத்தான், எண் ஒத்துப்போனது. மிச்சப் பணத்தில் ஒரு நோட்டுகூட எங்கும் தட்டுப்படவில்லை. இந்தக் கதையில் எண் எல்லாம் பத்திரமாக இருந்தது. பார்க்கிற ஆள்தான் இல்லை.

ஜனவரி 27, காலை 8.15

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். ‘எண்தான் ஹாப்ட்மானைப் பிடித்தது’ என்று யாராவது புரிந்துகொண்டால் அது என் தப்பு. எண்ணால் நோட்டு பிடிபட்டது. ஆள் பிடிபட்டது கார் நம்பரால். நோட்டு யார் கையில் இருந்தது என்று நோட்டுக்குத் தெரியாது. சிப் வைத்தாலும் தெரியாது. யாராவது ஒருவர் இரண்டையும் ஒரே வரியில் எழுத வேண்டும்.

பிப்ரவரி 2, இரவு 9.40

அந்த ‘ஒரே வரியில் எழுதுவது’ இப்போது எந்திரத்தின் வேலை ஆகிவிட்டது. எனக்குப் பயம் வருவது இந்த இடத்தில்தான், சிப்பில் இல்லை. மத்திய வங்கிகளில் நோட்டுப் பிரிக்கும் எந்திரங்கள் விநாடிக்கு 30 நோட்டுக்கு மேல் தள்ளுகின்றன, போகிற போக்கில் எண்ணையும் கேமராவால் படிக்க முடியும். சீனாவில் வங்கி எந்திரங்கள் நோட்டு எண்களைப் பதிந்து வைக்கின்றன. கள்ள நோட்டு வந்தது என்று தகராறு வந்தால் எந்த எந்திரம் கொடுத்தது என்று பார்க்கத்தான் அது. ஏ.டி.எம்மில் நீங்கள் கார்டைச் செருகும்போதே உங்கள் பெயர் அங்கே இருக்கிறது. நோட்டு எண்ணும் இருந்தால் வரி முடிந்தது. ஆன்டெனா வேண்டாம், மடிப்பும் அடுக்கும் பிரச்சினை இல்லை, தாளில் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு கேமரா, கொஞ்சம் ஹார்ட் டிஸ்க்.

ஒரு பக்கம் சும்மா விளையாட்டாகவும் இதைச் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1998இல் ஆரம்பித்த ‘வேர்ஸ் ஜார்ஜ்’ தளத்தில் கைக்கு வந்த டாலரின் எண்ணைப் பதியலாம், அதே நோட்டு வேறு ஊரில் வேறு ஆளிடம் தென்பட்டால் தகவல் வரும். 2006இல் டிர்க் பிராக்மன் குழுவினர் இதிலிருந்து 464,670 நோட்டுகளின் பயணத்தை எடுத்து, மனிதர்கள் எவ்வளவு தூரம் எப்படி நகர்கிறார்கள் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். நோய் பரவுவதைக் கணிக்கக்கூட அந்தக் கணக்கு உதவியது. அத்தனையும் மனிதர்கள் கையால் தட்டச்சு செய்தது.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. இன்று பத்து நோட்டின் எண்ணைக் காலண்டர் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். செலவழிக்கப்போகிறேன். ஒன்றாவது என் கைக்கே திரும்பி வருகிறதா பார்க்கலாம். வருகிற நோட்டையெல்லாம் இனி எண் பார்த்துத்தான் உள்ளே வைப்பேன்.

பிப்ரவரி 3

கூப்பர் நோட்டைப் போல ‘இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், கண்ணால் பார்த்தவர் இல்லை’ என்கிற காரணத்துக்காகவே ஸ்பெயினில் 500 யூரோ நோட்டுக்கு ‘பின் லேடன்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். 2019க்குப் பிறகு ஐரோப்பிய மத்திய வங்கி அந்த நோட்டை வெளியிடுவதில்லை. பதுக்கலைத் தடுக்க அவர்கள் கண்ட வழி சிப் இல்லை பாருங்கள், பெரிய நோட்டை நிறுத்தியதுதான்.

பிப்ரவரி 9, மாலை 6.30

திசை மாறுகிறது, ஆனாலும் சொல்கிறேன். நூலகத்தில் கலர் நகல் எந்திரம் இருந்தது. பள்ளிப் பையன் ஒருவன் ‘உலக நாணயங்கள்’ என்று அட்டை ஒட்ட யூரோ நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். எந்திரம் மறுத்துவிட்டது. அவன் என்னைப் பார்க்கிறான், நான் எந்திரத்தைப் பார்க்கிறேன். பிறகுதான் தெரிந்துகொண்டேன், நோட்டில் சின்னச் சின்ன வட்டங்கள் ஐந்து ஐந்தாக நட்சத்திரக் கூட்டம் மாதிரி சிதறிக் கிடக்கின்றன. எந்திரம் அந்த அமைப்பைப் பார்த்தால் வேலையை நிறுத்திவிடுகிறது. 2002இல் மார்க்குஸ் கூன் என்ற கணினி ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்து யூரியான் என்று பெயர் வைத்தார். ஆளுக்குத் தெரியாமல் எந்திரத்தோடு பேசும் நோட்டு வேண்டும் என்று கேட்டீர்களே, இதோ. வெறும் மை.

மார்ச் 30

எண் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கடையில் பாக்கி வாங்கிக்கொண்டு நின்று நோட்டு நோட்டாகத் திருப்பிப் பார்த்தால் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் நான் கள்ள நோட்டு தேடுகிறேன் என்று நினைக்கிறார்கள். கடைக்காரர் முகம் மாறுகிறது. எண்கள் மனப்பாடம் ஆகிவிட்டன. பத்தில் ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 18

இல்லை.

ஜூன் 14, இரவு 8.50

ஒன்று கிடைத்தது! காலண்டரில் ஏழாவது எண். அச்சு அசலாக அதே.

ஜூன் 14, இரவு 9.30

எங்கே என்று எல்லோரும் கேட்கிறீர்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டில், துடைக்கும் துணிக்கு அடியில், நாலாக மடித்து. பத்தில் ஒன்பதைத்தான் செலவழித்திருக்கிறேன். இதை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நானே அங்கே வைத்துவிட்டு மறந்துபோயிருக்கிறேன். கண்டுபிடித்தது நான்கூட இல்லை, கூட்டைத் தூக்கிப்போட எடுத்த என் மனைவி. நாலு மாதமாக இதைத்தான் ஊரெல்லாம் தேடினீர்களா என்று கேட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இனி அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது.